எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ராத்தல்

1876 நவம்பர் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு டாட்ஸ் ஃபெரி வாக்குச்சாவடியின் ஓட்டுப் பெட்டி எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ராத்தல் எடை இருந்தது. அன்று காலை அதே பெட்டி பதினொரு ராத்தல். பைன் மரத்தில் செய்த, மேலே சீட்டுப் போட ஒரு கீறல் விட்ட, சாதாரணப் பெட்டி. எடை எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சர்ச் கட்டிடத்தை ஆகஸ்டிலேயே கொளுத்திவிட்டார்கள். அதனால் வாக்குச்சாவடி வெள்ளைக்கார நிலக்காரர் கேப்டன் லாட்டிமரின் பருத்தி அரைவைக் கொட்டகையில் நடந்தது. அங்கே பஞ்சு படியாத சமதளம் ஒன்றே ஒன்றுதான், பருத்தி வண்டிகளை ஏற்றி நிறுக்கும் எடைமேடையின் இரும்புப் பலகை. பெட்டியை அதன்மேல் வைத்தார்கள். நிறுத்தவர் ஜூலை. மாதத்தின் பெயரை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் பிறந்தவர், பதினைந்து வருடமாக அந்தத் தராசில் நின்றவர், ஒரு ராத்தல் கூடக் குறையச் சொல்லாதவர். அன்றைக்குச் சாவடியைக் கவனித்த மூன்று பேரில் எங்கள் பக்கத்து ஆள் அவர்தான்.

அந்த வருடம் தென் கரோலினாவில் ஓட்டுப் போடுவது என்றால் என்ன என்று இப்போதைய ஆட்களுக்குச் சொன்னால் புரியாது. சர்க்கார் சீட்டு அச்சடிக்காது. கட்சிக்காரர்களே அச்சடித்து, சாவடி வாசலில் நின்று கையில் கொடுப்பார்கள். யார் கையிலிருந்து வாங்கினாய் என்பதை ஊரே பார்க்கும். அடிமைகளாக இருந்த எங்கள் கறுப்பு ஜனத்துக்கு விடுதலை கிடைத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆண்களுக்குத்தான் ஓட்டு, பெண்களுக்குக் கிடையாது. ஆனால் அந்த ஓட்டு குடும்பத்துடையது என்பதில் பெண்கள் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. செப்டம்பரில் கேப்டனின் ஆட்கள் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு குதிரைமேல் சுற்ற ஆரம்பித்தார்கள். கையில் ஒரு காகிதம். இதில் பெருக்கல் குறி போட்டால் நீ கேப்டன் சீட்டுக்கு ஓட்டுப் போடுவதாக அர்த்தம், உனக்குப் பாதுகாப்பு, பயிரிடும் நிலம் உன்னிடமே இருக்கும். சிப்பியோ என்பவன் அந்தக் காகிதத்தை வாங்கி நான்காகக் கிழித்துக் கேப்டனின் குதிரைக் காலடியில் போட்டான். இரண்டாம் நாள் ஓடைக் கரையில் கிடந்தான். நெற்றியில் ஒரு துளை, வாயில் அந்த நாலு துண்டுக் காகிதம்.

சிப்பியோவைப் புதைத்த அன்று அவன் அக்கா பைனா குழிமேட்டில் நின்றபடி மற்றப் பெண்களிடம் சத்தியம் வாங்கினாள். கேப்டன் சீட்டுப் போட்டவன் எவனாக இருந்தாலும், புருஷனோ மகனோ, வாசற்படி ஏறக் கூடாது. அவன் துணிமணியை வேலிமேல் போட்டுவிட வேண்டியது. ஐம்பது அறுபது பெண்கள் ஒவ்வொருத்தியாக ஒரு கைப்பிடி மண் அள்ளிப் போட்டு ஆமென் சொன்னார்கள். பைனாவின் புருஷன் ரெண்ட்டி அங்கேதான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மைத்துனனின் சவப்பெட்டியை முன்னால் தூக்கியவனும் அவன்தான்.

இரண்டு வாரம் கழித்து முப்பது குதிரைகள் ரெண்ட்டியின் வயலுக்குள் இறங்கின. அவன் தனியாகப் பருத்தி பறித்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர் கிடையாது. நசுங்கிய செடிகளை எல்லோரும் பார்த்தோம். குறி போட்டுவிட்டான் என்பது அடுத்த சனிக்கிழமை ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று, ஏனென்றால் கேப்டனே கடை வாசலில் அதைப் படித்துக்காட்டினார். பைனா மூன்று நாள் அவனிடம் பேசவில்லை. நாலாம் நாள், "குறி போட்டா என்ன, சீட்டுப் போடறப்ப பாத்துக்கலாம்" என்று அவன் சொன்னான். அவள், "பாக்கத்தானே போறோம்" என்றாள்.

ஓட்டுப்பதிவு நாளில் பெண்கள் விடியற்காலையே கொட்டகையின் வேலியோரம் வந்து நின்றார்கள். மழைத் தூறல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜியாவிலிருந்து படகு படகாக வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள், கோட்டை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் போட்டார்கள். எங்கள் ஆட்கள் வாசலில் நின்ற துப்பாக்கிகளுக்கு இடையே ஒற்றை வரிசையாக நுழைந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள், தனியாக விட்டால் கால் திரும்பிவிடும் என்று. பகல் பதினோரு மணிக்கு ரெண்ட்டி வந்தான். கேப்டன் தன் கையால் அவனுக்குத் தன் சீட்டைக் கொடுத்து, "கையை மேல தூக்கு. பெட்டி வரைக்கும் இறக்கக் கூடாது. நாங்க பாக்கணும்" என்றார். ரெண்ட்டி கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு நடந்தான். வேலியோரத்தில் இருந்த அத்தனை பெண்களும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கை கீறலுக்குள் போயிற்று, வெறுங்கையாக வெளியே வந்தது. கேப்டன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். பைனா திரும்பி வீட்டுக்கு நடந்தாள். மத்தியானத்துக்குள் அவன் மற்றொரு சட்டை, காற்சட்டை, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு எல்லாம் வேலிமேல் இருந்தன.

மாலை ஆறு மணிக்குச் சாவடியை மூடினார்கள். அங்கேயே எல்லோர் முன்னாலும் எண்ண வேண்டும் என்பது சட்டம். கேப்டனின் ஆட்கள் இருவர், பெட்டியைத் தலைநகருக்குக் கொண்டுபோய் எண்ணிக்கொள்வதாகச் சொல்லித் தூக்கப் போனார்கள். பெட்டி அசையவில்லை. நாலு பேர் பிடித்தார்கள், எட்டுப் பேர் பிடித்தார்கள். ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஆணி அடித்திருக்கிறார்கள் என்று அடியில் கத்தி விட்டுப் பார்த்தார்கள், கத்தி தாராளமாகப் போய் வந்தது. சாவி திரும்பியது, மூடி எழும்பவில்லை. அப்போதுதான் ஜூலை தராசுக்கோல் மேலே முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். பழக்க தோஷம். போய் எடைக்குண்டை நகர்த்தி, கோல் நடுவில் நின்றதும், எடையை உரக்கப் படித்தார். எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. பருத்தி வண்டிக்குச் சொல்கிற அதே குரல். அடுத்த நாள் ஆறு கோவேறு கழுதைகளைப் பூட்டி இழுத்தார்கள், சங்கிலி அறுந்து ஒரு கழுதைக்குக் கண் போயிற்று.

பெட்டி தலைநகருக்குப் போகாததால் டாட்ஸ் ஃபெரி கணக்கிலேயே இல்லை. அது ஒன்றும் பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் மாகாணத்தில் சில கவுண்டிகளில் இருக்கிற ஆண்களைவிட விழுந்த ஓட்டுகள் அதிகம். இரண்டு பக்கமும் தாங்களே ஜெயித்ததாகச் சொன்னார்கள். அந்தக் குளிர்காலம் எங்களுக்கு இரண்டு கவர்னர்கள் இருந்தார்கள். சட்டசபையில் இரண்டு சபாநாயகர்கள் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பேசும்போது மற்றவரும் பேசிக்கொண்டு, நாலு நாள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தூங்கினார்கள், எழுந்து போனால் நாற்காலி போய்விடும் என்ற பயத்தில். தேசமே எங்கள் மாகாணத்தையும் இன்னும் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் வாஷிங்டனில் பதினைந்து பெரிய மனிதர்கள் கூடி, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கத் தென் கரோலினாவுக்கு இருந்த ஏழு ஓட்டுகளும் ஒஹையோக்காரருக்கு என்றார்கள். ஒஹையோக்காரர் எங்கள் ஆள். எங்கள் சீட்டில் இருந்த பெயர் அவருடையது. அவர் ஜனாதிபதி ஆனார். ஆகி ஐந்து வாரத்தில், ஏப்ரல் பத்தாம் தேதி நண்பகலில், எங்களைக் காத்து நின்ற சிப்பாய்கள் அவர் உத்தரவுப்படி துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தலைநகரத்துச் சட்டசபையை விட்டு நடந்து போனார்கள். இப்படி ஜெயிப்பதற்குத் தோற்றுத் தொலைத்திருக்கலாமே என்று யாராவது நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை.

ரெண்ட்டியின் கதைக்கு வருகிறேன். ஓட்டுப் போட்ட அன்று சாயங்காலம் அவன் வேலியில் கிடந்த துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு படியோரம் வந்து நின்றான். பைனா கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவன் குரலை இறக்கிப் பேசினான், ஏனென்றால் அவன் சொல்ல வந்தது கேப்டன் காதுக்குப் போனால் மறுநாள் அவனும் ஓடைக் கரையில் கிடப்பான்.

"நம்ம சீட்டைத்தான் போட்டேன் பைனா. விரலிடுக்குல மடிச்சு வெச்சிருந்தேன். கையத் தூக்கச் சொன்னான், தூக்கினேன். கீறல்கிட்ட போனதும் மாத்திட்டேன். பருத்தி பறிக்கிற விரல், கண்ணுக்குத் தெரியுமா?"

"அப்ப அவன் குடுத்த சீட்டு எங்க?"

"தின்னுட்டேன். பாலத்துகிட்ட வந்து மென்னு முழுங்கிட்டேன்."

"அவ்வளவு பசியா? காராமணி ஆக்கி வெச்சிருந்தேனே, அது வரைக்கும் தாங்கலையாக்கும்!"

"சத்தியமா பைனா."

"சத்தியம் குழிமேட்டுல பண்ணினது ஒண்ணு இருக்கு. அது போதும்." கதவு சாத்திக்கொண்டது.

அவன் சோளக் கிடங்கில் படுத்தான். வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி, மரச்சட்டங்களுக்கு நடுவே காற்றுப் போக இடைவெளி விட்ட சின்னக் கொட்டகை. எல்லாம் நாலு நாளைக்குத்தான் என்று இரண்டு மகள்களிடமும் சொன்னான். கேப்டன் அவன் நிலத்தைத் தொடவில்லை. எங்கள் சீட்டுப் போட்டவர்களில் பதினாறு குடும்பங்களை அந்த டிசம்பரிலேயே மண்ணைவிட்டுக் கிளப்பினார்கள், ரெண்ட்டியை மட்டும் வழியில் பார்த்தால் கேப்டன் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று ஊர் கேட்டது. பைனாவும் அதையேதான் கேட்டாள்.

ஜனவரியில் கேட்டோ என்ற பெரியவர் நெஞ்சுச் சளியில் இறந்தார். அன்று காலை ஜூலை பார்த்தபோது தராசுக்கோல் கீழே சாய்ந்திருந்தது. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டார். குண்டை நகர்த்திப் பார்த்தால் நூற்று முப்பத்தொன்பது ராத்தல் குறைந்திருந்தது. பருத்திக் காலத்தில் பறிக்கிற ஆட்கள் விளையாட்டாகத் தராசில் ஏறி நிற்பது வழக்கம், கேட்டோவின் எடை ஜூலைக்கு மனப்பாடம். இருந்தாலும் தொழில் தொழில்தான். கேட்டோவை வெளியே பெக்கன் மரத்தில் தொங்கவிட்ட பொதித் தராசில் நிறுத்துப் பார்த்தார். நூற்று முப்பத்தொன்பது. ஜூலை யோசித்துச் சொன்னது இதுதான்: "உசிரக் கையில புடிச்சுக்கிட்டு வந்து போட்டவன் சீட்டு அவன் கனம் கனக்குது. சும்மா வந்து போட்டவன் சீட்டு காயிதம்தான்." சிப்பாய்கள் போன பிறகு அந்தக் கோடையில் ஒரே வாரத்தில் மூன்று முறை கோல் சாய்ந்தது. இரண்டு பேரை ஆற்றில் கண்டெடுத்தோம். மூன்றாமவன் கிடைக்கவே இல்லை, பெட்டி சொன்னதை வைத்துத்தான் அவன் பெண்சாதி கறுப்பு உடுத்தினாள்.

எல்லோரையும் நிறுத்துக் கூட்டிப் பார்த்தால் ரெண்ட்டி உண்மை பேசினானா என்று தெரிந்துவிடாதா என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் கால்வாசிப் பேர் நாலா திசையும் போய்விட்டார்கள். அதோடு பெட்டியும் ஒரே எடையில் நிற்கவில்லை. ஜூன் மாதப் பஞ்சத்தில் ஆட்கள் இளைத்தால் அதுவும் முந்நூறு ராத்தல் இளைத்தது, கிறிஸ்துமஸுக்குப் பன்றி அறுத்தால் பருத்தது. ஒருவனுடைய பங்கு எவ்வளவு என்பது அவன் செத்தால்தான் தெரியும். பாம்பி என்பவன் துப்பாக்கிக்குப் பயந்து கேப்டன் சீட்டைப் போட்டதாக ஒப்புக்கொண்டவன். 1879இல் அவன் இறந்தபோது கோல் ஒரு மயிரிழை அசையவில்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஒப்புக்கொள்வது என்பதையும் சொல்ல வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. புதிதாகக் கட்டிய சர்ச்சில் முன்வரிசையில் ஒரு பெஞ்சு உண்டு. தப்புச் செய்தவர்கள் அதில் வந்து உட்கார்ந்து, எழுந்து, எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. சபை எழுந்து நின்று கைகொடுக்கும், பெண்சாதி கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவாள், அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கேப்டன் சீட்டைப் போட்ட எல்லோரும் 1877 ஈஸ்டருக்குள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுது வீடு திரும்பிவிட்டார்கள். பாம்பியின் பெண்சாதி அவனுக்குக் கோழி அடித்துப் போட்டாள். ரெண்ட்டி மட்டும் உட்காரவில்லை. பாஸ்டரே கிடங்குக்கு வந்து பேசினார். செய்யாததை எப்படிச் செய்தேன் என்பது என்று அவரிடம்கூட அவனால் சொல்ல முடியாது, பாஸ்டர் வீட்டுக்குக் கேப்டன் வீட்டிலிருந்து மாவு வந்துகொண்டிருந்தது. பாஸ்டர் பேசப் பேச அவன் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தான். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கினான்.

ஜூலையிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டான். "நான் செத்தாத்தான் நம்புவாளா அண்ணே?"

"செத்தா நான் நிறுத்துச் சொல்லுவேன். அதுக்காக அவசரப்பட்டுத் தொலையாதே" என்றார் ஜூலை.

வருடங்கள் போயின. கேப்டன் பெட்டியைத் தொலைக்கக் கொட்டகைக்கே தீ வைத்தார். கொட்டகை சாம்பலாயிற்று, பெட்டியும் எடைமேடையும் வெட்டவெளியில் நின்றன, பெட்டியில் ஒரு கரி கூடப் பிடிக்கவில்லை. அவர் வேறிடத்தில் கொட்டகை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். நாங்கள் மேலே நாலு கால் நட்டுக் கூரை போட்டோம். ஆப்பிரிக்காவில் குடியேற லைபீரியாவுக்குக் கப்பல் ஏறிய எங்கள் ஆட்களில் டார்கஸின் புருஷனும் ஒருவன். அடுத்த மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியில் நூற்று எழுபத்தொரு ராத்தல் குறைந்தது. அவ்வளவு கனமான ஆள் எங்களில் ஒருவன்தான். டார்கஸ் அன்றே தலையில் கறுப்புத் துணி கட்டினாள். கடல் தாண்டிக் கடிதம் வர ஏழு மாதம் ஆயிற்று. தெரிந்த சேதிக்கு எதற்குக் கடிதம் என்று அவள் அதைப் பிரிக்கச் சொல்லவில்லை.

ரெண்ட்டியும் பைனாவும் ஒரே வயலில், பக்கத்துப் பக்கத்து வரிசையில் பருத்தி பறித்தார்கள். சாப்பாட்டுத் தட்டு கிடங்கு வாசலுக்கு மூன்று வேளையும் வந்தது. சூடாகவே வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூத்தவள் கல்யாணம் முற்றத்தில் நடந்தது, அப்பன் படி ஏறாமல் நின்று பெண்ணைக் கொடுக்க வசதியாக. சின்னவள் கல்யாணமும் அப்படியே, அன்றைக்கு மழை வேறு. பாஸ்டர் உள்ளே போய்விடலாம் என்றதற்கு இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள்.

எண்பத்தெட்டாம் வருடக் குளிரில் ரெண்ட்டிக்கு நிமோனியா கண்டது. ஒன்பது நாள். பைனா கிடங்கின் வெளிப்பக்கம் தரையில் உட்கார்ந்து, சட்டங்களுக்கு இடையே கையை விட்டு அவனுக்குச் சோளக் கஞ்சி புகட்டினாள். பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அழைத்துப் படுக்கவைக்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதைப் பக்கத்தில் போர்வையோடு நின்ற மூத்த மகள் பார்த்திருக்கிறாள். அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"ஒரு வார்த்த சொல்லு. பெஞ்சுக்குக்கூட வர வேணாம். எங்கிட்ட சொல்லு போதும். பயந்துட்டேன் பைனா, போட்டுட்டேன்னு சொல்லு. இப்பவே தூக்கிட்டுப் போய்க் கட்டில்ல போடறேன்."

"பயந்தேன்."

"ம்?"

"பயந்தது நெசம். முப்பது குதிர. ஒண்ணுக்குப் போயிட்டேன் காற்சட்டையிலயே. உன் தம்பி மாதிரி கிழிச்சுப் போட எனக்குத் தெம்பில்ல. ஆனா போட்டது நம்ம சீட்டு."

"அட மனுஷா! செத்துப்போயிடுவே, கேக்குதா? அந்தக் குழியில என் தம்பி கெடக்கான். அவனத் தாண்டி நான் எப்படி உன்ன உள்ள விடறது? ஒரு வார்த்தைக்கு என்ன கேடு?"

"அந்த ஓட்டு ஒண்ணுதான் பைனா நான் பண்ணின தைரியம். அதையும் இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் நான் யாரு?"

அவள் கையை வெளியே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உள்ளே விட்டு மிச்சக் கஞ்சியைப் புகட்டினாள். அந்த முறை அவன் பிழைத்துக்கொண்டான்.

இதற்கிடையே எட்டுப் பெட்டிச் சட்டம் வந்திருந்தது. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பெட்டி, எட்டுப் பெட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவன் தப்பான பெட்டியில் போட்டால் ஓட்டு செல்லாது. நாங்கள் வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனால் அவர்கள் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தார்கள். ஒரு தேர்தலுக்கு முப்பது பேர் போனார்கள், அடுத்ததற்கு ஏழு, அதற்கடுத்ததற்கு ஜூலை மட்டும். கேப்டன் தொண்ணூறாம் வருடம் படுக்கையில் சௌக்கியமாகச் செத்தார். அதன்பிறகு ரெண்ட்டி தன் கதையை உரக்கவே சொல்லியிருக்கலாம். ஒரு தடவை கடை வாசலில் சொல்லியும் பார்த்தான். பதினாலு வருடப் பழைய ஓட்டு. கேட்டவர்கள், "சரி சரி" என்று புகையிலையை வாய் மாற்றிக்கொண்டார்கள்.

1895 செப்டம்பரில் தலைநகரத்தில் பெரிய மனிதர்கள் புதிய சட்டம் எழுத உட்கார்ந்தார்கள், எங்களுக்கு இனி ஓட்டு என்ற பேச்சே இல்லாமல் செய்கிற சட்டம். அந்த மாதம் பத்தொன்பதாம் தேதி முற்பகலில், பைனாவுக்குப் பக்கத்து வரிசையில், ரெண்ட்டி தோளில் பருத்திப் பையோடு மடங்கி விழுந்தான். அவள் போய்த் திருப்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டான். கையில் ஒரு சுளைப் பருத்தி இருந்தது. அவள் கத்தவில்லை. அவன் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். தன் பையையும் கழற்றினாள். இரண்டையும் வரப்பில் வைத்துவிட்டு நேரே எடைமேடைக்கு நடந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

ஜூலைக்குப் பார்வை மங்கியிருந்தது, கோலின் வெட்டுகளை விரலால் தடவித்தான் படிப்பார். பைனா வருவதற்கு முன்பே தராசடியில் நின்றுகொண்டிருந்தார். "எவ்வளவு?" என்றாள்.

"அவனக் கொண்டாரச் சொல்லு. நிறுத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"இறங்கிச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுண்ணே."

"நிறுக்காம சொல்ல மாட்டேன் பைனா. இது நெல்லு புல்லு இல்ல."

கதவுப் பலகையில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். பெக்கன் மரத்துப் பொதித் தராசில் தூக்கிக் கட்டினார்கள். ஊர் முழுக்க வயலை விட்டு வந்து நின்றது. அவன் சொன்னது உண்மை என்று எடை காட்ட வேண்டும் என்றுதான் அந்நேரம் எல்லோருமே வேண்டிக்கொண்டார்கள், உண்மை நல்லது என்று நினைத்து. ஜூலை தடவிப் பார்த்து, "நூத்தி இருபத்தெட்டு" என்றார். பிறகு எடைமேடைக்குப் போனார். குண்டை நகர்த்தினார். இரண்டு முறை தடவினார். "பெட்டியில குறைஞ்சது நூத்தி இருபத்தெட்டு" என்றார். வண்டிக்குச் சொல்கிற குரல் வரவில்லை அவருக்கு.

யாரோ அல்லேலூயா என்றார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பைனா தராசில் தொங்கியவனின் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கத்தியது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜியா வரை கேட்டிருக்கும்.

"ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதாடா! ஒரே ஒரு பொய்! போட்டுட்டேன்னு சொல்லித் தொலைச்சிருந்தா பத்தொம்பது வருஷம் என் பக்கத்துல படுத்திருப்பியே பாவி! நீ பொய் சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பேனே! நெசத்தச் சொல்லிச் சொல்லி என்னக் கொன்னுட்டியே!"

யாரும் அவளைத் தொடவில்லை. அவன் கனம் நூற்று இருபத்தெட்டாக இறங்கியிருந்தது. ஓட்டுப் போட்ட வருடம் அவன் நூற்று அறுபத்திரண்டு.

அவனை வாசற்படி வழியாக உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். ஓர் இரவு அவன் வீட்டில் இருந்தான். மறுநாள் சிப்பியோவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அன்றிலிருந்து பைனா வீட்டுக்குள் படுக்கவில்லை. சோளக் கிடங்கில் அவன் படுத்த வைக்கோல் மேலேயே படுத்துக்கொண்டாள், மகள்கள் எவ்வளவோ கெஞ்சியும். வீட்டுக் கதவைக் கீலோடு கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பகலில் எடைமேடைக்கு வந்து ஜூலைக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தாள். அவர் கோலைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவர் கண் முழுக்க அணைந்தபோது தராசு அவள் கைக்கு வந்தது. ஆள் ஆளாகச் செத்தார்கள், அவள் நிறுத்துச் சொன்னாள். ஒரு ராத்தல் கூடக் குறைய அவளும் சொன்னதில்லை.

கடைசி ஆள் ஜூலைதான். 1914 பிப்ரவரியில், தன் பிறந்தநாள் கழித்து மூன்றாம் நாள். பைனா அவரை நிறுத்தாள், நூற்றுப் பத்தொன்பது. எடைமேடையில் மிச்சம் இருந்தது பதினொரு ராத்தலும் கொஞ்சம் காகிதமும். அவளுக்கு எழுபத்தாறு வயது. குனிந்து பெட்டியைத் தூக்கி, சோளக் கூடையை வைக்கிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

பெட்டி இப்போதும் அந்த வீட்டில், கதவில்லாத வாசலுக்கு உள்ளே, ரெண்ட்டியின் கட்டில்மேல் இருக்கிறது. அவள் இறப்பதற்கு முந்தின வருடம் வடக்கேயிருந்து தேர்தல்களைப் பற்றி எழுதுகிற மனிதர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், படியோரம் நின்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். இப்போது மூடி சுலபமாகத் திறக்குமே, உள்ளே எத்தனை ஓட்டு என்று எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

பைனா மடியில் காராமணி உரித்துக்கொண்டிருந்தாள். "எண்ணி என்ன ஆகப் போகுது தம்பி? ஒவ்வொருத்தரா எடை போட்டாச்சே" என்றாள்.